இடாப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் பேசட்டும்: மலையகக் கல்வி வலயங்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்தின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், தமிழ்ப் பாடத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், ஆசிரிய ஆலோசகர்களுக்கும், தோட்டப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ் மொழித்தினப் போட்டி நெருங்கும்போது பாடசாலைகளில் நடப்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நன்றாகப் பேசக்கூடிய ஒரு பிள்ளையை ஆசிரியர் தெரிவு செய்கிறார். பேச்சையும் அவரே எழுதிக் கொடுக்கிறார். பிள்ளை மனனம் செய்கிறது. இடைவேளையிலும் பாடசாலை விட்ட பிறகும் ஒத்திகை நடக்கிறது. பாடசாலை மட்டத்தில் வென்றால் கோட்டம், பிறகு வலயம், அங்கும் வென்றால் மாகாணம். அந்தப் பிள்ளைக்கு அது நல்ல அனுபவம்தான். அதற்காக மெனக்கெடும் ஆசிரியர்களின் உழைப்பையும் நாங்கள் மதிக்கிறோம். ஆனால் இந்த மடல் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மற்ற முப்பத்துச் சொச்சம் பிள்ளைகளைப் பற்றியது. தரம் 6இல் சேர்ந்து, தரம் 11இல் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் போகும்வரை, ஒரு தடவைகூட வகுப்பின் முன்னால் நின்று சொந்தமாக நாலு வார்த்தை பேசாமலே போய்விடுகிறவர்கள் அவர்கள்.

கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்களைப் பாடத்திட்டம் சொல்கிறது. சாதாரண தரத் தமிழ்ப் பரீட்சையோ முழுக்க எழுத்தில் நடக்கிறது. பரீட்சையில் வராத திறனுக்கு நேரசூசியில் இடம் கிடைப்பதில்லை. பரீட்சை முடிந்து வெளியே போனதும் அந்தப் பிள்ளையிடம் முதலில் கேட்கப்படுவது அதே திறன்தான்: கல்வியியற் கல்லூரிக்கான நேர்முகப் பரீட்சை, கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கான நேர்காணல், பிரதேச செயலகத்தின் கருமபீடம், வைத்தியசாலையில் அம்மாவின் வருத்தத்தை எடுத்துச் சொல்வது. எழுதத் தெரிந்த பிள்ளை இந்த இடங்களில் வாய் திறக்க முடியாமல் நிற்கிறது.

எங்கள் கோரிக்கை இதுதான். தரம் 6 முதல் 9 வரை, தமிழுக்கு இப்போது இருக்கும் பாடவேளைகளிலேயே வாரத்துக்கு ஒன்றைப் பேச்சுக்கென்று ஒதுக்குங்கள். அந்தப் பாடவேளையில் இடாப்பில், அதாவது வகுப்பின் வரவுப் பதிவேட்டில், உள்ள எல்லாப் பிள்ளைகளும் பேச வேண்டும். அது எப்படி நடக்கும், எங்கே இடறும் என்பதைக் கீழே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. 36 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரையும் முன்னால் கூப்பிட்டு ஒரு நிமிடம் பேச வைத்தால், வந்து போகும் நேரத்திலேயே பாடவேளை முடிந்துவிடும். பெரும்பாலான ஆசிரியர்கள் இந்த முயற்சியைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். அதனால் ஆறு பேராக ஆறு குழுக்கள். குழுவில் ஒருவர் எழுந்து இரண்டு நிமிடம் பேச, மற்ற ஐவரும் கேட்கிறார்கள். அடுத்த இரண்டு நிமிடம் அவர்கள் கருத்துச் சொல்கிறார்கள். ஆறு பேருக்கு 24 நிமிடம். குழு பிரியவும் அன்றைய பயிற்சியை விளக்கவும் 6 நிமிடம். மிச்சம் 10 நிமிடத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் முழு வகுப்பின் முன்னால் பேசலாம். அந்த இரண்டு மூன்று பேரும் இடாப்பு வரிசைப்படி வர வேண்டும். ஆசிரியர் தெரிவு செய்தால் மறுபடியும் அதே நான்கைந்து பெயர்கள்தான் வரும். யாருடைய முறை எப்போது என்பது ஒரு வாரம் முன்பே தெரிந்திருப்பதும் முக்கியம். பயந்த பிள்ளையைத் திடீரென்று எழுப்பி "பேசு" என்றால் அந்தப் பயம் இன்னும் ஊன்றிப்போகும்.

ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் சத்தம் வரும். தடுப்புச் சுவர் இல்லாமல் ஒரே நீள மண்டபத்தில் மூன்று நான்கு வகுப்புகள் நடக்கும் பாடசாலைகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. அங்கே அடுத்த வகுப்பின் கணிதப் பாடத்தை இது குழப்பும், ஆசிரியர்களுக்கிடையே மனக்கசப்பு வரும். அதற்கு வழி, ஒரே மண்டபத்தில் இருக்கும் வகுப்புகளுக்குப் பேச்சுப் பாடவேளையை ஒரே நேரத்தில் போடுவது. நேரசூசி தயாரிக்கும்போதே பிரதி அதிபர் இதைப் பார்த்துக்கொண்டால் போதும். வெயில் உள்ள நாளில் மைதானம் இருக்கவே இருக்கிறது.

அடுத்தது என்ன பேசுவது என்பது. பயிற்சி பெரும்பாலும் கெட்டுப்போவது இதில்தான்.

ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் பேச்சில் "அவைத்தலைவர் அவர்களே, ஆன்றோர்களே, சான்றோர்களே, நடுவர் பெருமக்களே" என்று தொடங்கி, விளிப்பு முடியவே அரை நிமிடம் ஆகிறது. பிறகு வருவது பிள்ளை தன் வாழ்நாளில் வேறெங்கும் பயன்படுத்தாத சொற்கள். பொருள் புரியாத சொல்லைப் பிள்ளை ஓசையாகத்தான் ஞாபகம் வைத்திருக்கும். ஒரு சொல் தவறினால் அடுத்த சொல்லைப் பிடிக்க வழியில்லை, முழுப் பேச்சும் அறுந்துவிடும். மேடையில் பிள்ளை பாதியில் நின்று, கண் கலங்கி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் இதுதான். அதைப் பிள்ளையின் கூச்சம் என்றோ தைரியமில்லை என்றோ சொல்வது நியாயமில்லை. நீளமும் ஒரு காரணம். சபையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 100 தமிழ்ச் சொற்கள் வரும். நான்கு நிமிடப் பேச்சுக்கு 400 சொல்லுக்கு மேல் எழுதிக் கொடுத்தால், பிள்ளை மூச்சு விடாமல் ஓடத்தான் வேண்டும்.

எழுதிய பேச்சுக்குப் பதிலாக ஒரு சிறிய அட்டை கொடுங்கள். பழைய கலண்டர் மட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டினால் போதும். அதில் ஐந்து சொற்கள் மட்டும், பெரிய எழுத்தில். வசனம் எழுத விடக்கூடாது. வசனம் இருந்தால் பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிடும். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் மனனம் செய்யலாம். பயம் அதிகம் இருப்பது முதல் அரை நிமிடத்தில். அந்த நேரத்தில் வாய் தானாகச் சொல்ல ஒரு வசனம் தயாராக இருப்பது பெரிய துணை. கடைசி வசனம் தெரிந்திருந்தால், முடிக்கத் தெரியாமல் "அவ்வளவுதான்" என்று ஓடிப்போக வேண்டியதில்லை. கையில் முழுத் தாள் கொடுக்காதீர்கள். கை நடுங்கும்போது தாள் சரசரக்கும், அந்தச் சத்தம் கேட்டுப் பிள்ளை இன்னும் பதறும். மட்டை நடுங்கினாலும் வெளியே தெரியாது.

முதல் தவணை முழுவதும், பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையையோ பொருளையோ பற்றி மட்டும் பேச வையுங்கள். நூலகத்தின் பயன், நீர் நமது உயிர் போன்ற தலைப்புகள் பிறகு வரட்டும். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் படங்கு எப்படிக் கட்டுவது, ரொட்டி எப்படிச் சுடுவது, லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸ் எப்படி நடுவது: இவற்றில் ஆசிரியரைவிடப் பிள்ளைக்கு அதிகம் தெரியும். தனக்குத் தெரிந்ததைத் தெரியாத ஒருவருக்குச் சொல்லும்போது குரல் தானாக உறுதிப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. தரம் 7இல் ஒரு பிள்ளை கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுவது, பற்றிப் பேசுகிறது. மட்டையில் இருப்பது: ஏன், எப்ப, கத்தி, சாய்வு, பிறகு. பேச்சு இப்படி வரும்: "எங்க அப்பா கவ்வாத்து வெட்டப் போறவரு. தேயிலைய அப்படியே விட்டா மரமா வளந்திரும், கொழுந்து எடுக்கக் கை எட்டாது. அதனாலதான் சில வருசத்துக்கு ஒருக்கா வெட்டுறது. கத்தி நல்லாத் தீட்டியிருக்கணும். மழுங்கலா இருந்தா கொப்பு பிளந்துக்கும். வெட்டு சாய்வா விழணும். தட்டையா வெட்டினா அதுமேல மழத்தண்ணி நின்னு அழுகிப் போயிரும். வெட்டி முடிச்சாப் பாக்க மொட்டையா இருக்கும், அப்புறம் துளிர் வரும்." இதில் காரணம் இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, கேட்பவருக்குப் புதிய தகவல் இருக்கிறது. நல்ல பேச்சுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. ஆசிரியர் ஒரேயொரு கேள்வி கேட்டால் போதும்: "சாய்வு எந்தப் பக்கம் விழணும்?" பிள்ளை கையை நீட்டி வெட்டிக் காட்டும். "இந்த இடத்தில் வலது கையை உயர்த்து" என்று சொல்லிக் கொடுக்கும் சைகைகள் ஒருபோதும் இவ்வளவு இயல்பாக வருவதில்லை.

மேலே உள்ள பேச்சு வீட்டுத் தமிழில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. தோட்டத்துப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் வழக்கம் வகுப்பிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் இன்னும் இருக்கிறது. சிரிப்பைக் கேட்ட பிள்ளை, பிழையாகப் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பது பாதுகாப்பு என்று முடிவு செய்துவிடும். முதல் தவணையில் வீட்டுத் தமிழுக்குத் தடை இருக்கக்கூடாது. இரண்டாம் தவணையில் அதே பேச்சைச் சபைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வளந்திரும் என்பது வளர்ந்துவிடும் ஆகும், ஒருக்கா என்பது ஒரு தடவை ஆகும். பொருள் கையில் இருப்பதால் மொழியை மாற்றுவது மட்டுமே வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் பிள்ளை திணறும்.

உச்சரிப்பும் அப்படித்தான். பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையை நிறுத்தி "ழகரம் வரவில்லை" என்று திருத்தாதீர்கள். யோசனை அறுந்துவிடும். திருத்தம் பாடவேளையின் தொடக்கத்தில், எல்லோருக்கும் பொதுவாக, மூன்று நிமிடம். நாக்கின் நுனி எங்கே போகிறது என்பதைக் கரும்பலகையில் படமாக வரைந்து காட்டலாம். லகரத்துக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு அதே போல் வளையும், ஆனால் அண்ணத்தைத் தொடாது. மலை, மழை என்ற இரண்டு சொல்லும் நம் பிள்ளைகளின் வாயில் தினமும் வருபவை, அவற்றிலிருந்தே தொடங்கலாம். கிளி, கிழி என்பது அடுத்த படி.

குரலைப் பற்றி ஒரு விடயம். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பிள்ளைகளைக் கத்திப் பேசச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கத்தும்போது தொண்டைத் தசைகள் இறுகுகின்றன, குரல் உயர்ந்து கீச்சிடுகிறது, போட்டி நாளன்று கரகரத்துப் போகிறது. அட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கங்களில் மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுக்க இதுதான் நிலைமை. மழை நாளில் குழுவை நெருக்கி, தலைகள் கிட்ட வருமாறு வட்டமாக உட்கார வையுங்கள். சொல்லைத் தெளிவாகச் சொல்வதே அன்றைய பயிற்சி. மழை இல்லாத நாளில் குரலைத் தூரம் அனுப்பிப் பழகலாம். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று பேச வேண்டும், ஒவ்வொரு வசனத்துக்கும் இரண்டு அடி பின்னால் போக வேண்டும். எதிரில் இருப்பவருக்குக் கேட்காவிட்டால் அவர் கையை உயர்த்துவார். கை உயர்ந்தால் மூச்சை வயிறுவரை இழுத்து, வாயை நன்றாகத் திறந்து, அதே வசனத்தை மெதுவாகச் சொல்ல வேண்டும். மூச்சு வயிற்றுக்குப் போகிறதா என்று பார்க்க, தொப்புளுக்கு மேல் உள்ளங்கையை வைத்தால் போதும். இழுக்கும்போது கை முன்னால் வர வேண்டும். தோள் உயர்ந்தால் மூச்சு மேலோட்டமாக நிற்கிறது என்று அர்த்தம். காமன் கூத்திலோ பொன்னர் சங்கர் கூத்திலோ வேடம் கட்டும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், இந்தப் பயிற்சியை நடத்தும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். திறந்தவெளியில் குரலை எப்படி எடுப்பது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பின்வாங்கில் இருக்கும் பிள்ளைகள் பலர் அன்றைக்குத்தான் முன்னால் வருவார்கள்.

வாயே திறக்காத பிள்ளைகளைப் பற்றி. வகுப்புக்கு இரண்டு மூன்று பேராவது அப்படி இருப்பார்கள். வற்புறுத்தலும் வேண்டாம், "அவள் பேச மாட்டாள் சேர்" என்று மற்றவர்கள் சொல்வதை ஏற்று விட்டுவிடவும் வேண்டாம். படிப்படியாகக் கொண்டு வரலாம். முதலில் பக்கத்தில் இருக்கும் ஒரு தோழிக்கு வாசித்துக் காட்டுதல். பிறகு குழுவில் உட்கார்ந்தபடி இரண்டு வசனம். பிறகு அதையே எழுந்து நின்று. பிறகு முன்னால், தோழியோடு சேர்ந்து, ஆளுக்குப் பாதி. பிறகு தனியாக, கையில் காட்டுவதற்கு ஒரு பொருளோடு. கையில் பொருள் இருந்தால் எல்லாக் கண்களும் அதற்குப் போகும், பிள்ளைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போக இரண்டு வாரமும் ஆகலாம், ஒரு தவணையும் ஆகலாம். திக்கிப் பேசும் பிள்ளைக்கு வேறு கவனம் தேவை. சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள், "மெதுவாகச் சொல்" என்றும் சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போது திக்கல் பெரும்பாலும் குறைகிறது, அதனால் கூட்டாகப் பாவோதுவது அவர்களுக்கு நல்ல தொடக்கம். பெற்றோரோடு பேசி, பேச்சுச் சிகிச்சை வசதியுள்ள அரச வைத்தியசாலைக்கு அனுப்புவதையும் தள்ளிப்போடாதீர்கள்.

கருத்துச் சொல்லும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு விதி வேண்டும். "நல்லா இருந்துச்சு, கைதட்டுங்க" என்பதால் யாருக்கும் பயனில்லை. ஏழு குறைகளை அடுக்கினால் பிள்ளை அடுத்த வாரம் பாடசாலைக்கே வராது. கேட்ட ஐந்து பேரில் ஒருவர், பிடித்த ஒரு வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இன்னொருவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மற்றொருவர் அடுத்த முறை மாற்ற வேண்டிய ஒன்றை, ஒன்றை மட்டும், சொல்ல வேண்டும். மாற்ற வேண்டியதைப் பேசிய பிள்ளை தன் மட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளும். அடுத்த முறை ஆசிரியர் பார்ப்பது அந்த ஒன்றைத்தான்.

காலைக் கூட்டத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இப்போது நற்சிந்தனை சொல்வது பெரும்பாலும் மாணவத் தலைவர்கள். அதை வகுப்புவாரியாக, இடாப்பு வரிசையில், நாளுக்கு ஒரு பிள்ளை ஒரு நிமிடம் என்று மாற்றினால், சிறிய பாடசாலையில் வருடத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகள் முழுப் பாடசாலைக்கு முன்னால் நின்றிருப்பார்கள். ஒலிவாங்கி இருந்தால் அதையும் பழக்குங்கள். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் நான்கைந்து அங்குல இடைவெளி, நாடிக்குச் சற்றுக் கீழே, மேல்நோக்கிச் சாய்த்து. நேராக வாய்க்கு முன்னால் பிடித்தால் பகரம் வரும் ஒவ்வொரு சொல்லிலும் காற்று மோதி வெடிக்கும். ஒலிபெருக்கி கீச்சென்று கத்தினால் பிள்ளையின் மேல் தவறில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வரும் சத்தத்தையே ஒலிவாங்கி மறுபடி உள்வாங்குகிறது. பெட்டியைப் பேசுபவருக்கு முன்னால் கொண்டுபோய்ச் சபையைப் பார்த்துத் திருப்பி வைத்தால் நின்றுவிடும். தாங்கியின் உயரத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றி இறக்க ஒரு மாணவரை நிறுத்துங்கள். தரம் 6 பிள்ளை நுனிக்காலில் நின்று பேசுவதைப் பார்க்க நேரும்போதெல்லாம் எங்களுக்கு வருத்தமாக இருக்கும். மூச்சும் நிற்காது, நிலையும் நிற்காது.

போட்டிகளைப் பற்றி வலயங்களிடம் இரண்டு விடயங்கள் கேட்கிறோம். பாடசாலை மட்டப் போட்டியிலும் கோட்ட மட்டப் போட்டியிலும், தயாரித்த பேச்சு முடிந்ததும் நடுவர் அந்தத் தலைப்பிலிருந்தே ஒரு கேள்வி கேட்கட்டும். பிள்ளை ஒரு நிமிடம் பதில் சொல்லட்டும். அந்தப் பதிலுக்கும் புள்ளி இருந்தால், எழுதிக் கொடுத்து மனனம் செய்விக்கும் வழக்கம் ஒன்றிரண்டு வருடங்களில் தானாகக் குறையும். விதியை மாற்றும் அதிகாரம் வலயத்துக்கு இல்லையென்றால், வலயமே நடத்தும் தனி நிகழ்வு ஒன்றில் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டாவது, நடுவர்களுக்கு முன்கூட்டியே ஓர் அறிவுறுத்தல்: ராகம் போட்டு இழுப்பதற்கும் உரக்கக் கத்துவதற்கும் புள்ளி கூட்ட வேண்டாம். பிள்ளைகள் அப்படிப் பேசுவது, அதற்குப் பரிசு கிடைப்பதைப் பார்த்துத்தான்.

எளிமையாகப் பேசுவது மலையகத்துக்குப் புதிதில்லை. 1931இல் அகில இலங்கை தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரும் அவருடைய துணைவி மீனாட்சியம்மாளும், எழுத்தறியாத மக்களுக்குச் சட்டத்தையும் உரிமையையும் மேடையில் புரியவைத்தவர்கள். மீனாட்சியம்மாள் அதைப் பாட்டாகவே பாடினார். கேட்பவருக்கு விளங்க வேண்டும் என்ற அந்த அளவுகோலை நம் பாடசாலை மேடைகளிலும் வைக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும். தாமே மாணவராக இருந்தபோது முன்னால் நின்று பேசாத ஆசிரியர்கள் பலர் இன்று தமிழ் கற்பிக்கிறார்கள். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலும் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும் பயிலும் ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் பயிற்சிக் காலத்திலேயே ஒரு பேச்சுப் பாடவேளையை நடத்திக் காட்டும் பொறுப்பைக் கொடுக்குமாறு அந்த நிறுவனங்களோடு வலயங்கள் பேச வேண்டும். பணியில் இருப்பவர்களுக்கு ஆசிரிய ஆலோசகர்கள் அரை நாள் ஒதுக்கினால் போதும், ஆனால் அந்த அரை நாளில் விரிவுரை வேண்டாம். ஆசிரியர்களை ஆறு பேராகப் பிரித்து, மட்டையைக் கையில் கொடுத்து, மேலே சொன்ன பாடவேளையை அவர்களுக்கே நடத்துங்கள்.

எல்லாப் பாடசாலையிலும் ஒரே நேரத்தில் தொடங்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கோட்டத்துக்கு இரண்டு பாடசாலைகள், தரம் 6 மட்டும், ஒரு தவணை. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கொப்பி வைத்து, யார் எப்போது பேசினார்கள், மட்டையின் பின்பக்கத்தில் என்ன எழுதினார்கள் என்பதை மட்டும் குறிக்கட்டும். தவணை முடிவில் அந்தக் கொப்பியை ஆசிரிய ஆலோசகர் வாங்கிப் பார்க்கட்டும். பெயருக்கு நேரே இடம் வெறுமையாக இருக்கும் பிள்ளைகள் யார் என்பதை முதலில் பார்க்கட்டும். இரண்டாம் தவணைக்கான நேரசூசியை அதன் பிறகு போடுங்கள்.

இப்படிக்கு,
மலையகப் பாடசாலைகளில் பேச்சுப் பயிற்சி நடத்திவரும் தமிழாசிரியர்கள் சிலர்